பாரதியின் முதல் உரைநடை அரூருக்கும் வரட்டும்

மாநிலப் பொது நூலகங்களின் தலைமைப் பொறுப்பில் இருக்கும் அலுவலர் அவர்களுக்கு,



செப்டம்பர் 11 வந்தால் தங்கள் ஆளுகையில் உள்ள நூலகங்களில் பாரதியார் படத்துக்கு மாலை விழுகிறது. 2021இல், அவருடைய நினைவு நூற்றாண்டின்போது, அந்த நாளை மகாகவி நாள் என்று அரசு அறிவித்தது. பேச்சுப் போட்டி, பாட்டுப் போட்டி, சான்றிதழ் என்று பிள்ளைகளுக்கு அது ஒரு கொண்டாட்ட நாளாகவே ஆகிவிட்டது. நல்ல காரியம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மேடையேறும் பிள்ளை ஒப்பிப்பது முழுக்கப் பாட்டு. அந்தப் பாட்டுக்காரர் இருபத்தோரு வயதில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் உதவியாசிரியராகச் சேர்ந்து, ஆங்கிலச் செய்தியையும் சொற்பொழிவையும் நாள் முழுக்கத் தமிழாக்கி, அந்த வேலையிலேயே தம் உரைநடையைப் பழகிக்கொண்டவர் என்பது பிள்ளைக்கும் தெரியாது, பரிசு கொடுப்பவர்களில் பலருக்கும் தெரியாது. அது தெரியவேண்டுமானால் அந்த உரைநடை அச்சான தாள்கள் கண்ணில் படவேண்டும். அவை எங்கள் ஊர்ப் பக்கம் வந்ததே இல்லை. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

எதைக் கேட்கிறோம் என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

எட்டயபுரத்தில் 1882 டிசம்பர் 11இல் பிறந்த சுப்பிரமணியன், பதினான்கு வயதில், 1897 ஜனவரியில், தம் படிப்புக்கு உதவி கேட்டு எட்டயபுரம் அரண்மனைக்குச் செய்யுளில் ஒரு விண்ணப்பம் எழுதினார். காசிக்குப் போய்த் திரும்பி, அரண்மனையில் சில காலம் இருந்து, 1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தற்காலிகத் தமிழாசிரியராக வேலை பார்த்தார். அந்த ஆண்டு ஜூலையில் 'விவேகபாநு' இதழில் அவருடைய 'தனிமை இரக்கம்' வெளிவந்தது. ஆண்டு முடிவதற்குள் ஜி. சுப்பிரமணிய ஐயர் அவரைச் சென்னைக்கு அழைத்துச் சுதேசமித்திரனில் சேர்த்துக்கொண்டார். அதே டிசம்பரில் 'தி ஹிந்து' நாளிதழுக்கு ஆசிரியருக்குக் கடிதமும் எழுதத் தொடங்கிவிட்டார். 1905 ஆகஸ்டில் 'சக்ரவர்த்தினி' என்ற பெண்கள் மாத இதழ் தொடங்கியபோது அதன் ஆசிரியர் அவர். 1906 மே மாதம் 'இந்தியா' வார இதழ் வந்தது. இருபத்து நான்கு வயது முடியாத இளைஞர் ஒருவர் இரண்டே ஆண்டுகளில் நாளிதழ், மாத இதழ், வார இதழ் மூன்றிலும் கைவைத்துவிட்டார். பின்னாளில் நாம் கொண்டாடும் பாட்டுகளில் பெரும்பகுதிக்கு முந்தைய எழுத்து இது.

இந்த எழுத்தில் தடுமாற்றமும் இருக்கிறது. வடசொல் மண்டிய நீள வாக்கியங்கள் இருக்கின்றன. பெண்களைப் பற்றி அவர் பிற்காலத்தில் எழுதியதோடு ஒப்பிட்டால் சக்ரவர்த்தினிப் பக்கங்கள் அடக்கமானவை. சகோதரி நிவேதிதையைச் சந்தித்த பிறகு அவர் பேச்சு மாறியது என்று எல்லாரும் சொல்கிறோம். 1908இல் வெளிவந்த 'ஸ்வதேச கீதங்கள்' நூலை அவருக்கே காணிக்கையாக்கினார் என்றும் சொல்கிறோம். எந்த மாதம் எந்தப் பக்கத்தில் மாறியது என்று ஒரு மாணவி கேட்டால் எதைக் காட்டுவது? பாடநூல் காட்டும் பாரதி முளைக்கும்போதே ஆலமரமாக முளைத்தவர். எழுத ஆசைப்படும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு அவரால் உபயோகமில்லை. தட்டுத் தடுமாறி எழுதி, திருத்தி, மாறி வளர்ந்த இளைஞர்தான் அந்தப் பிள்ளைக்குத் துணையாவார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தமிழின் முதல் சிறுகதை எது என்று வகுப்பில் கேட்டால் வ.வே.சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்' என்றுதான் விடை வருகிறது. அது 1915. பாரதி 'ஷெல்லிதாஸ்' என்ற புனைபெயரில் சக்ரவர்த்தினியில் எழுதிய 'துளஸீ பாயி' அதற்குப் பத்து ஆண்டுக்கு முந்தியது. 1905, 1906இல் தொடராக வந்தது. உடன்கட்டையிலிருந்து மீட்கப்படும் ஓர் இராஜபுத்திரப் பெண்ணையும் அவளைக் காப்பாற்றும் ஒரு முஸ்லிம் இளைஞனையும் பற்றிய கதை. அது சிறுகதையா, சிறு சரித்திரமா, முதலிடம் அதற்கா இதற்கா என்று அறிஞர்கள் வாதாடட்டும். அந்த வாதத்தில் எங்கள் ஊர்த் தமிழாசிரியரும் கலந்துகொள்ள முடியவேண்டும் என்பதே எங்கள் ஆசை. அதற்கு அவர் கையில் இதழின் பக்கம் வேண்டும். மறுபதிப்பில் தலைப்பு இருக்கும். பலவற்றில் தேதி இருக்காது, புனைபெயர் இருக்காது, பக்கத்தில் வேறு என்ன அச்சாகியிருந்தது என்பது கட்டாயம் இருக்காது.

இப்போது ஒரு தமிழாசிரியருக்கு அரூரில் என்ன வழி இருக்கிறது? விடியற்காலையில் மொரப்பூருக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து ரயில் பிடித்துச் சென்னை போகவேண்டும். எழும்பூரில் ஆவணக் காப்பகம், கன்னிமாரா, தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் என்று அலையவேண்டும். அவை ஒவ்வொன்றும் பெரிய சேவை செய்யும் இடங்கள்; அதில் ஐயமில்லை. ஆனால் எங்கே எது இருக்கிறது, எந்த ஆண்டு முழுதாக இருக்கிறது, எது உதிர்ந்துகிடக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு கிளம்ப வழி வேண்டாமா? விடுப்பு எடுத்துப் போனவர் ஒரு தாளும் பார்க்காமல் திரும்புவது எங்கள் பக்கத்தில் நடக்கிற கதைதான். இணையத்தில் சில பழைய இதழ்கள் ஏறியிருக்கின்றன என்பதும் உண்மை. ஆனால் அவற்றைத் தேடிப் பிடிக்கவே தனிப் பயிற்சி வேண்டியிருக்கிறது.

இதை அரசின் கடமை என்று ஏன் சொல்கிறோம் என்றால், பாரதியின் எழுத்தை அரசே விலைகொடுத்து வாங்கியிருக்கிறது. 1949இல், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்த காலத்தில், சென்னை அரசு அவருடைய எழுத்துரிமையைக் கையகப்படுத்தி, பின்னர் அதை மக்களுக்கே பொதுவாக்கியது. பாட்டுகளின் இசைத்தட்டு உரிமை ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்ததும், நாடகக்காரர் டி.கே. சண்முகத்தோடு அதையொட்டி வழக்கு எழுந்ததும், கடைசியில் செட்டியார் உரிமையை விட்டுக்கொடுத்ததும் ஆ.இரா. வேங்கடாசலபதி விரிவாக எழுதியிருக்கும் வரலாறு. அரசு எழுத்துரிமையை வாங்கியதற்கு ஓராண்டு முன்புதான், 1948இல், பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. அந்தச் சட்டத்தின்படி இன்றும் சொத்துவரியோடு நூற்றுக்குப் பத்து நூலக வரியாக வாங்கப்படுகிறது. அரூரில் ஓட்டுவீட்டுக்காரரும் கட்டுகிறார், மாடிவீட்டுக்காரரும் கட்டுகிறார். பாரதியின் எழுத்தும் எங்களுடையது, நூலகமும் எங்கள் காசில் நடப்பது. இரண்டையும் ஓரிடத்தில் சேர்த்துவைக்கும் அதிகாரம் தங்கள் மேசையில் இருக்கிறது.

பாரதிக்கும் எங்கள் மாவட்டத்துக்கும் என்ன உறவு என்று தாங்கள் கேட்கலாம். அவர் இங்கே வந்து தங்கியவர் என்று நாங்கள் கதை கட்டப்போவதில்லை. உறவு அவருடைய நண்பர் வழியாக வருகிறது. அரூர் வட்டத்தில் விளையும் கரும்பு கோபாலபுரத்து ஆலைக்குப் போகிறது. அதன் பெயர் சுப்பிரமணிய சிவா கூட்டுறவு சர்க்கரை ஆலை. பெயர்ப்பலகையில் இருக்கிற அந்தச் சிவா, சிறையில் தொழுநோய் வாங்கிக்கொண்டு 1912இல் வெளியே வந்தவர். அடுத்த ஆண்டே சென்னையில் 'ஞானபாநு' என்ற மாத இதழைத் தொடங்கினார். புதுச்சேரியில் முடங்கியிருந்த பாரதிக்கு எழுத இடம் அநேகமாக எங்குமே இல்லாதிருந்த நேரம் அது. 'இந்தியா' 1910இலேயே நின்றுபோயிருந்தது. 'கனவு', 'ஆறில் ஒரு பங்கு' என்ற அவருடைய இரு நூல்களையும் 1911இல் சென்னை அரசு தடைசெய்திருந்தது. அந்த நேரத்தில் ஞானபாநு அவருக்கு இடம் கொடுத்தது. ஜமீனை அண்டிப் பிழைக்கும் ஒரு சின்னக் கவிராயனைப் பற்றிய 'சின்னச் சங்கரன் கதை' அதில்தான் வெளிவந்தது. பாரதி தம் இளமையைத் தாமே கேலி செய்துகொண்ட உரைநடை அது; முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது. அதன் கையெழுத்துப் படி புதுவையில் களவுபோனது என்று பாரதி அன்பர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள்.

சிவா பின்னாளில் பாப்பாரப்பட்டிக்கு வந்து பாரதபுரம் என்று ஆசிரமம் அமைத்தார். 1923இல் சித்தரஞ்சன் தாஸைக் கொண்டு பாரதமாதா கோயிலுக்கு அடிக்கல் நாட்டினார். 1925 ஜூலை 23இல் அங்கேயே காலமானார். தருமபுரிப் பக்கத்தில் அவரை அண்டியிருந்த குடும்பங்கள் எத்தனையோ. அந்த வீடுகளின் பரண்களில் ஞானபாநு இதழ் ஒன்றோ, ஒரு கடிதமோ, துண்டுப் பிரசுரமோ இருக்கக்கூடும் என்று எண்ணுவதில் தவறில்லை. இருக்கிறது என்று நாங்கள் சொல்லவில்லை. யாராவது தேடவேண்டும் என்று சொல்கிறோம். பழைய வீட்டை இடித்துக் கட்டும்போது தாள்களை எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். கிலோவுக்கு என்ன விலை போகும் என்பதைத் தவிர வேறு எதுவும் அப்போது யாருக்கும் தோன்றுவதில்லை. யாருக்காவது தோன்றினாலும், சர்க்காரிடம் கொடுத்தால் திரும்பி வராது என்ற பயம் கையைப் பிடிக்கிறது. அந்தப் பயம் வீண்பயம் என்று காட்டும் பொறுப்பும் தங்களுடையதே.

தாளின் ஆயுளைப் பற்றியும் சொல்லவேண்டும். ஓலைச்சுவடி நன்றாகப் பேணப்பட்டால் முந்நூறு ஆண்டு தாங்கும். நூற்றிருபது ஆண்டுக்கு முந்தைய மரக்கூழ்த் தாள் அப்படியல்ல. முதலில் விளிம்பு பழுக்கும். பிறகு மடிப்பில் கீறும். அதன் பிறகு புரட்டுகிற விரலிலேயே பொடியாக ஒட்டிக்கொண்டு வரும். படிக்கப் படிக்க அழியும் பொருளைப் படிக்கக் கொடுக்க முடியாது என்று காப்பாளர் மறுத்தால் அது நியாயமே. அதனால்தான் மூலத்தைக் கேட்காமல் படத்தைக் கேட்கிறோம். அதிலும் ஒரு வேண்டுகோள்: வண்ணப் படமாக எடுக்கச் செய்யுங்கள். 'இந்தியா' சிவப்புத் தாளில் அச்சானது என்பது பிரசித்தம். கறுப்பு வெள்ளை நுண்படச் சுருளில் அதைப் பார்ப்பவருக்கு அந்தச் சிவப்பு தெரியாது. சாம்பல் நிறத்தில் மங்கலாக ஒரு பக்கம் தெரியும். முகப்பில் கேலிச்சித்திரம் போட்டு, தாளின் நிறத்திலேயே தம் அரசியலைச் சொன்ன இளைஞரின் இதழை நிறமில்லாமல் பாதுகாப்பது அரைகுறைப் பாதுகாப்பு.

காணாமல் போன இதழ்களைப் பற்றி ஒரு வேடிக்கையும் உண்டு. அன்றைய சென்னை அரசு தமிழ்ப் பத்திரிகைகளை வாரந்தோறும் ஆங்கிலத்தில் சுருக்கி, இரகசிய அறிக்கையாக அச்சடித்துத் தன் அதிகாரிகளுக்குக் கொடுத்துவந்தது. மூல இதழ் கிடைக்காத இடங்களில் பாரதி என்ன எழுதினார் என்பதை ஆய்வாளர்கள் அந்த வேவு அறிக்கையிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். அவரை ஒடுக்க நினைத்த அரசு தாளைப் பத்திரப்படுத்தியது. அவரைக் கொண்டாடும் அரசு அதைவிடக் கொஞ்சமாவது அதிகம் செய்யவேண்டும் என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது என்று நம்புகிறோம்.

இதெல்லாம் முன்பே பதிப்பித்தாகிவிட்டதே என்று தங்கள் அலுவலகத்தில் யாராவது குறிப்பு எழுதக்கூடும். பதிப்பித்தவர்களை நாங்கள் மறக்கவில்லை. பெரியசாமித் தூரன் சுதேசமித்திரன் கட்டுரைகளைத் தேடித் தேதியோடு 'பாரதி தமிழ்' என்று தொகுத்தார். ரா.அ. பத்மநாபன் படங்களையும் கடிதங்களையும் புதையல் எடுப்பதுபோலத் தேடி எடுத்தார். இளசை மணியன் 'இந்தியா' கட்டுரைகளைத் தொகுத்தார். வேங்கடாசலபதி 'விஜயா' இதழ்க் கட்டுரைகளைக் கொண்டுவந்தார். சீனி. விசுவநாதன் வாழ்நாளையே செலவிட்டுக் கால வரிசைப்படி தொகுத்த இருபத்து மூன்று தொகுதிகளைப் பிரதமர் 2024 டிசம்பர் 11இல் வெளியிட்டார். இவர்களில் பெரும்பாலோர் சொந்தக் காசையும் சொந்தக் கண்ணையும் செலவழித்துச் செய்தது இது. அந்த இருபத்து மூன்று தொகுதிகளும் ஒரு தாலுகா நூலகத்தின் அலமாரியில் இருந்தால் அதுவே எங்களுக்குப் பாதிக் கொடை. மீதிப் பாதி மூலப் பக்கத்தின் படம். தொகுதியில் கட்டுரை இருக்கும். கட்டுரையைச் சுற்றியிருந்த விளம்பரம், அயல்நாட்டுச் செய்தி, சந்தா பாக்கி கேட்கும் அறிவிப்பு எதுவும் இராது. அடித்தல் திருத்தல் உள்ள கையெழுத்துப் பக்கத்தை எந்த அச்சுத் தொகுதியும் கொடுத்துவிட முடியாது.

இன்னொரு மறுப்பை யாரும் எழுத்தில் எழுதமாட்டார்கள், மனத்தில் நினைப்பார்கள். 2011 கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டம் எழுத்தறிவில் மாநிலத்திலேயே கடைசி, நூற்றுக்கு 68.5. இங்கே யார் இதையெல்லாம் பார்க்கப்போகிறார்கள் என்ற நினைப்பு அது. பின்தங்கியிருக்கிறோம் என்பதால் எங்கள் பங்கு குறைய வேண்டுமா, கூட வேண்டுமா என்பதைத் தங்கள் நியாயத்துக்கே விட்டுவிடுகிறோம். சித்தேரி மலையிலிருந்து இறங்கி வந்து அரூரில் படிக்கும் பிள்ளைக்கு முதலில் பாடநூல் போதும், அபூர்வங்கள் பிறகு என்று யாரோ எங்கோ முடிவுசெய்வதில்தான் எங்களுக்கு வருத்தம். பாரதி 1920இல் கடையத்திலிருந்து நண்பர்களுக்கு ஒரு சுற்றறிக்கை எழுதினார். தம் எழுத்துகளை நாற்பது நூல்களாக்கி, ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் படி அச்சிட வேண்டும், மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும்போல அவை எல்லா வீட்டுக்கும் போகவேண்டும் என்று கணக்குப் போட்டு, அதற்கு முதல் கேட்டார். கிடைக்கவில்லை. மறு ஆண்டு இறந்துபோனார். அவர் கணக்கு சென்னையோடு நிற்கவில்லை.

இனி, தங்களிடம் நாங்கள் வேண்டுவது.

முதலில் ஒரு பட்டியல் வெளியிடுங்கள். 1904 முதல் 1910 வரை பாரதி எழுதிய, நடத்திய இதழ்களில் எந்த இதழ் எந்தப் பொது நூலகத்தில் எந்த நிலையில் இருக்கிறது, கையெழுத்துப் படிகள் எங்கே எத்தனை பக்கம் உள்ளன என்பதைச் சொல்லும் பட்டியல். இதற்குப் பெரிய செலவு இல்லை. தங்கள் கையெழுத்தில் ஒரு சுற்றறிக்கை போனால் தங்கள் நூலகங்களின் கணக்கு வந்துவிடும். மற்ற நிறுவனங்களுக்கும், அவர் வாழ்ந்த புதுச்சேரி வீட்டு நினைவகத்துக்கும், தங்கள் பதவியின் மரியாதையோடு ஒரு கடிதம் போனால் அவர்களும் மறுக்கமாட்டார்கள். பட்டியலில் இல்லை என்பதும் ஒரு செய்திதான். எதைத் தேடவேண்டும் என்று அப்போதுதான் தெரியும்.

அடுத்து, சக்ரவர்த்தினியையும் 'இந்தியா'வின் முதல் ஆண்டையும் வண்ணப் படமெடுத்து, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம் வழியாகவோ வேறு வழியாகவோ எல்லாக் கிளை நூலகக் கணினிகளிலும் தேதிவாரியாகத் திறந்து பார்க்கும்படி செய்யுங்கள். படத்துக்குப் பக்கத்தில் படிக்கத் தோதாக எழுத்துப் பெயர்ப்பு இருக்கட்டும். ஆனால் நடையைத் திருத்தவோ, இன்றைக்கு ஒவ்வாத வரியை உருவவோ யாருக்கும் அனுமதி வேண்டாம். கணினியில் பார்க்கப் பழகாதவர்களுக்காக, 1904 முதல் 1906 வரையிலான உரைநடையில் தேர்ந்தெடுத்த பக்கங்களை உருமாதிரிப் பதிப்பாக ஒரே தொகுதியாக்கி, ஆண்டுதோறும் நடக்கும் நூல் கொள்முதலிலேயே சேர்த்துக் கிளை நூலகங்களுக்கு அனுப்பலாம். எழுத்துரிமைக்காக யாரிடமும் போய் நிற்கவேண்டியதில்லை. அந்த வேலையை 1949 முடித்துவைத்துவிட்டது.

மூன்றாவது எங்கள் மாவட்டத்துக்கே உரியது. பாப்பாரப்பட்டி, பென்னாகரம், தருமபுரி, அரூர் வட்டாரங்களில் உள்ள நூலக வாசகர் வட்டங்களைக் கொண்டு ஞானபாநுவையும் சிவா காலத்துத் தாள்களையும் தேட ஓர் உத்தரவு வேண்டும். தாளைக் கொடுப்பவருக்கு முத்திரையோடு ரசீது, குறிப்பிட்ட நாளுக்குள் படமெடுத்துத் திருப்பிக் கொடுக்கும் உறுதி, விரும்பினால் மட்டும் நன்கொடை. இந்த மூன்றும் உத்தரவிலேயே எழுத்தில் இருந்தால் பரண்கள் திறக்கும். தேடும் வேலைக்குச் சம்பளம் வேண்டாம். வாசகர் வட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நடக்கக் கால் இருக்கிறது. ஊர்க்காரர்களின் நம்பிக்கையும் இருக்கிறது. கையில் காட்ட ஒரு கடிதம்தான் இல்லை.

பட்டியலை மட்டுமாவது வரும் டிசம்பர் 11க்குள் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். மற்ற இரண்டுக்கும் நிதி ஒதுக்கீடு தேவை என்பதை அறிவோம். அடுத்த நிதியாண்டுக் கோரிக்கையில் அவற்றைச் சேர்த்த விவரத்தை எங்கள் மாவட்ட மைய நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் செய்தால் போதும், வந்து படித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் நூலகங்களில் உறுப்பினரான
அரூர் வாசகர் ஒருவர்